லாக் புக்கில் எழுத முடியாத ஆட்டம்

பஸ் பேரளியைத் தாண்டுவதற்குள் உத்திராபதி மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். ஒன்பதரை. பெரம்பலூரில் பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விடும். பன்னிரண்டே காலுக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தால்தான் அரியலூரில் ரெண்டு மணி ஷிப்டுக்குள் நுழைய முடியும். அதற்கு நடுவில் ஒரே ஒரு டி.வி. கேம் கேசட்டைப் பொறுக்கியாக வேண்டும்.

தப்பாகப் பொறுக்கினால் மன்றமே போச்சு.

சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்கு உத்திராபதிதான் செயலாளர். மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சூளைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கலர் டி.வி., போன வருஷம் வாங்கிய கேம் பெட்டி. பெட்டியோடு வந்த கேசட்டில் கோட்டை விளையாட்டு. ஐந்து கதவு தாண்டினால் புதையல். முதல் நாள் அறைக்குள் மூச்சுவிட இடமில்லை. ஐந்தாம் நாள் ஈ கூட இல்லை.

காரணம் லாக் புக். ஷிப்ட் முடிந்து போகிறவன், வருகிறவனுக்கு எல்லாவற்றையும் எழுதி ஒப்படைக்காமல் போகமாட்டான். அது அந்த ஆலையில் ஊறிப்போன பழக்கம். 'மூணாம் நம்பர் பெல்ட் லேசா இழுக்குது' என்று எழுதினவன், அதே கையோடு கீழே எழுதினான்: 'நாலாவது கதவு - ரெண்டு தடவை குதிச்சிட்டு நிக்கணும்.' அடுத்த ஷிப்ட் ஐந்தாவது கதவை எழுதியது. மூன்று ஷிப்டும் சேர்ந்து புதையலை நாலே நாளில் வழித்து எடுத்துவிட்டன.

"உத்திராபதி வாங்கியார்ற சாமான் கல்யாணச் சாப்பாடு மாதிரி. மறுநாள் போனா எலைகூட இருக்காது" என்று எலக்ட்ரீஷியன் அழகேசன் கேண்டீனில் உட்கார்ந்து சொன்னான். சிரிக்காத ஆள் இல்லை.

ஸ்டோர்ஸ் ஆபீசர் சிரிக்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். ரூம் காலியா கெடந்தா காலிச் சாக்கு அடுக்கிடுவேன்" என்றார். சொன்னதைச் செய்கிற மனுஷன்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டா, மன்றத்துச் சாவியை எங்கிட்டக் குடுத்துடணும், மாப்ளே" என்றான் அழகேசன்.

"குடுத்துடறேன்டா" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான் உத்திராபதி.

*

வரதராஜன்பேட்டைக்காரரான அய்யாக்கண்ணு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். பெரம்பலூரில் வீடு கட்டி ஒரு மாத லீவில் வந்திருந்தார். மன்றத்துக்கு ஒரு கேசட் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் மனைவி புஷ்பவல்லியையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். கூடமெல்லாம் பெட்டியும் கயிறும்.

"வாங்க, வாங்க. ரெண்டு கேசட் இருக்கு. எது வேணுமோ எடுத்துக்குங்க. சீக்கிரம் பாத்துடுங்க, டி.வி.யைத் துணி போட்டு மூடணும்."

முதல் கேசட் விமானச் சண்டை. திரையைப் பார்த்ததும் உத்திராபதிக்கு ஜிவ்வென்றது. நீலக் கடல், ஆரஞ்சு நெருப்பு, வீடே அதிர்கிற சத்தம். அழகேசன் வாயைப் பிளந்துவிடுவான். கைப்பிடியைப் பிடித்து அரை நிமிஷம் ஆகவில்லை, மூன்றாவது விமானம் வந்து மோதியது.

"அது எப்பவும் இடது மூலையிலதான் வரும். முன்னாடியே அங்க போயி நின்னு சுடுங்க" என்றார் அய்யாக்கண்ணு.

மறுபடி ஆடினான். வந்தது. இடது மூலை. சுட்டான். இன்னொரு தடவை ஆடிப் பார்த்தான். அதே விமானம், அதே மூலை.

உத்திராபதி கைப்பிடியைக் கீழே வைத்தான். கண் முன்னால் லாக் புக் விரிந்தது. 'மூணாவது விமானம் - இடது மூலை.' ஒரே வரி. மூன்று ஷிப்டுக்கும் போதும்.

"அடுத்ததைப் போடுங்க."

அடுத்தது குகை. பன்னிரண்டு அறை, பாம்பு, வௌவால், பூட்டிய கதவு. இதிலாவது பிடி கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அய்யாக்கண்ணு வாயைத் திறந்துவிட்டார்.

"செவப்புக் கதவுக்கு மேல பாருங்க. சாவி தொங்கும்."

தொங்கியது.

பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு வரி. ஒரு பக்கம்கூட நிறையாது. "வேற இல்லீங்களா?" என்று அவன் கேட்டு முடிக்கவில்லை, டப்பென்று திரை இருண்டது. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது.

மணி பதினொன்று அடிக்க இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. கரண்ட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

"இனிமே ஒரு மணிக்குத்தான்" என்றார் அய்யாக்கண்ணு. "ஏரோப்ளேனையே எடுத்துட்டுப் போங்க தம்பி. பாக்க பளபளன்னு இருக்கும்."

உத்திராபதிக்கு வியர்த்தது. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பளபளப்பு எத்தனை நாளைக்கு? கோட்டையும் முதல் நாள் பளபளவென்றுதான் இருந்தது.

அப்போதுதான் உள்ளே சண்டை கிளம்பியது.

"நேத்து நீங்க அழுகுணி ஆட்டம் ஆடினீங்க அண்ணி! நான் தண்ணி குடிக்கத் திரும்புன நேரத்துல சுட்டீங்கள்ல?"

"ஆட்டத்து நடுவுல என்னாடி தண்ணி? சுவத்தோரமா பதுங்கிப் பதுங்கி நீ சுடலையா?"

முதல் குரல் அய்யாக்கண்ணுவின் தங்கை மலர்கொடி. இரண்டாவது புஷ்பவல்லி. இரண்டு பேரும் புடவை மடித்துக்கொண்டே மல்லுக்கு நின்றார்கள். உத்திராபதியின் பார்வை அவர்களைத் தாண்டிச் சுவரில் போய் விழுந்தது. அங்கே மாதக் காலண்டர். மாதம் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் பென்சில் கோடுகள், ஒரு பக்கம் 'ம', ஒரு பக்கம் 'பு'. ஒரு நாள் கூட விடுபடவில்லை. முதல் வாரத்தைவிடப் போன வாரத்தில் கோடுகள் கூடுதல்.

"அது என்னாங்க ஆட்டம்?" காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அதுவா, இவளுவோ கேசட்டு" என்று அய்யாக்கண்ணு கையை வீசினார். "நாலு சுவரு, ரெண்டு டாங்கி. ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கணும். படமும் கெடையாது, பாட்டும் கெடையாது. ஆளுக்குக் காட்டற சாமானா அது? அதான் எடுத்து வெக்கல."

உத்திராபதி மலர்கொடி பக்கம் திரும்பினான். "தங்கச்சி, இதுல ஜெயிக்கறது எப்படின்னு ஒரு வரியில எழுதிக் குடேன்."

மலர்கொடி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "எப்படின்னு எழுதறது? அண்ணி எந்தப் பக்கம் வருவாங்கன்னு நெனைக்கணும். நான் அப்படி நெனைப்பேன்னு அவங்களுக்கும் தெரியும். நேத்து வந்த பக்கம் இன்னிக்கி வரமாட்டாங்க. சில நாளு அதுக்காகவே வந்துடுவாங்க." சலித்துக்கொண்டாள். "அதெல்லாம் எழுத முடியாதுங்க!"

உத்திராபதிக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். "எனக்கு அதுதான் வேணும்" என்றான்.

அய்யாக்கண்ணு திகைத்தார். "ஆடிப் பாக்காமலேயேவா?"

"குடுக்க மாட்டேன்" என்றாள் மலர்கொடி, சட்டென்று.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. கெஞ்சுவதா, பேசுவதா என்று உத்திராபதிக்குத் தெரியவில்லை. புஷ்பவல்லிதான் மடித்த புடவையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். "வச்சிருந்து யாருகூடடி ஆடுவே? நான் இன்னிக்கே போறேனே."

மலர்கொடி அலமாரியைத் திறந்து கேசட்டை எடுத்தாள். லேபிள் தேய்ந்து வெளுத்திருந்தது. பென்சிலை எச்சில் தொட்டு அதில் எழுதினாள்: மலர் 61, அண்ணி 59.

"ஏய், அறுபது! செவ்வாக்கெழமை ஒண்ணை விட்டுட்டே!"

"அது செல்லாது. கரண்டு போயிடுச்சு."

அவர்கள் அதை முடிப்பதற்குள் உத்திராபதி கேசட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப் படிக்கட்டைப் பிடித்தான். அரியலூர் வரைக்கும் ஒரே அரிப்பு. ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத சாமான்! ரெண்டு பெண்கள் சண்டை போட்டதை நம்பி வாங்கிவிட்டோமே?

*

"இதுக்கா பெரம்பலூர் போனே?" அழகேசன் திரையைக் காட்டிச் சிரித்தான். கறுப்புத் தரை, நாலு சுவர், தீப்பெட்டி அளவில் இரண்டு டாங்கி. "ஆடுபுலி கட்டத்துலகூட இதைவிடக் கோடு அதிகம்டா! சாவியை எடு."

"ஒரு கை ஆடிட்டுப் பேசு."

அழகேசன் ஆடினான். எதிரே மில் பகுதி ராசாங்கம். வாய் திறந்து பத்து வார்த்தை பேசாத ஆள். மூன்றாவது நிமிஷம் அழகேசனின் டாங்கி தூளாகிவிட்டது. உத்திராபதி திரையைப் பார்க்கவில்லை, அழகேசனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டை ஆடித் தோற்றபோதெல்லாம் அழகேசன், 'மெசின் ஏமாத்துது' என்று பெட்டியைத் தட்டுவான். இன்றைக்குப் பெட்டியைத் தட்டவில்லை. தன் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"சே! வலது பக்கம் திரும்பியிருக்கணும்... ராசாங்கம், எங்க போறே? குந்துய்யா!"

ஷிப்ட் மாறியபோது ராத்திரி ஆட்கள் லாக் புக்கைப் புரட்டினார்கள். பெல்ட் பற்றி இருந்தது, சூளை பற்றி இருந்தது. அடியில் ராசாங்கத்தின் கையெழுத்தில் ஒரே வரி: 'டாங்கி - வந்து ஆடிப் பார்க்கவும்.'

அப்படியும் உத்திராபதிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் எட்டிப் பார்த்தான். கூட்டம் இருந்தது. பத்தாம் நாள் பார்த்தான். இருந்தது. சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு, இடம் போதாமல் கதவுக்கும் வந்திருந்தார்கள். இருந்தாலும் மனசு அடங்கவில்லை. நாளைக்கு எவனாவது ஒரு வரி எழுதிவிட்டால்?

முப்பதாம் தேதி ஸ்டோர்ஸ் ஆபீசர் வந்தார். பின்னாலேயே சாக்கு ஏற்றிய வண்டி. அழகேசன் வாசலை மறித்து நின்றான். ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் வீட்டுக்குப் போகாத முகம்.

"சார், ஒரு அஞ்சு நிமிசம். அவன் பதினொண்ணு, நான் பத்து."

ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். ராசாங்கத்தின் டாங்கி சுவருக்குப் பின்னால் அசையாமல் காத்திருந்தது. திரும்ப உட்கார்ந்த அழகேசன் தன் டாங்கியை அந்தப் பக்கமாகவே ஓட்டினான்.

"அங்க போகாதய்யா, அங்கதான் நிக்கறான்!" என்று ஆபீசர் கத்திவிட்டார். கத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கு வர்றேன்" என்று வண்டியைத் திருப்பினார்.

எதற்கு வருவார்? உத்திராபதி அன்றும் தூங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆபீசர் வந்தார். வண்டி வரவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். வந்ததும் கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மலர் அறுபத்தொண்ணு. யாருய்யா அது?"

"நம்ம எல்லாரையும்விடப் பெரிய ஆளு சார்" என்றான் உத்திராபதி. மற்றொரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.