கொக்கி என்றால் எது?

என் பட்டறையில் வண்டிக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும் எதற்கும் ஒரே பெயர்தான்: கொக்கி. சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய சதுரக் குழாயும் கொக்கி. அந்தக் குழாய்க்குள் செருகும் பட்டையின் நுனியில், ட்ரெய்லரின் மூக்கை உட்காரவைக்கும் இரும்புக் குண்டும் கொக்கி. இரண்டும் சேர்ந்து நின்றால் அதுவும் கொக்கி. பதினாறு வருடமாக இப்படித்தான் பேசுகிறோம். எனக்குச் சோறு போட்ட வார்த்தை அது. என் தங்கையின் உயிரை எடுத்ததும் அதுதான்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. குண்டு ட்ரெய்லருக்கானது. பாரத்தை நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். சேற்றில் சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது வருகிற பாரம் வேறு, குண்டின் கழுத்து அதைத் தாங்காது. முறிந்தால் சமர்த்தாகக் கீழே விழவும் செய்யாது. கயிறு ரப்பர் மாதிரி நீண்டு நிற்கும் அல்லவா, அந்த இழுப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கிற வண்டியைப் பார்த்துப் பறக்கும். அதனால் முதலில் குண்டைப் பட்டையோடு உருவிக் கீழே வைக்க வேண்டும். கயிற்றின் கண்ணியைச் சதுரக் குழாய்க்குள் விட்டு, குறுக்கே பின்னைப் போட்டு, அதில் இழுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. என்னிடம் வண்டி விட்ட அத்தனை பேரிடமும் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, சொல்லாமல் விட்டது என் மாப்பிள்ளையிடம் மட்டும்தான்.

மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். இருவரும் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார்கள். அவருக்கு ஒரு பழைய ஃபோர் வீல் ட்ரைவ் வண்டி, அவளுக்குச் செடி கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மினி வேன். போன வருடம் பூந்தொட்டி ஏற்ற ட்ரெய்லர் வாங்கியபோது கொக்கியை நான்தான் மாட்டிக்கொடுத்தேன். வேலை முடிந்ததும் குண்டின் தலையில் தட்டி, "மாப்ள, இதான் கொக்கி. உங்க மாமியார் வாயைத் தவிர வேற எதையும் தாங்கும்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம அம்மாவை இழுக்காம உனக்கு ஒரு வேலையும் ஓடாதே" என்று தங்கை ஸ்பேனரை ஓங்கினாள். குழாயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். டீ ஆறுகிறது என்று கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டேன்.

அன்று மழை விட்ட மறுநாள். காலை பதினோரு மணி இருக்கும். பண்ணையின் பின்வழியில் வேன் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை போன் செய்தபோது நான் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கியர் ஆயில் கண்ணில் சொட்டி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நல்ல நேரத்திலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"மச்சான், வேன் சேத்துல மாட்டிக்கிச்சு. கயிறு கையில இருக்கு. என் வண்டியில எங்க மாட்டி இழுக்கட்டும்?"

"கொக்கியிலதான். வேற எங்க மாட்டுவீங்க, என் தலையிலயா? வெடுக்குன்னு ஒரு இழு இழுங்க, வந்துரும்."

போனை வைத்துவிட்டேன். பட்டறை ஆள் யாரிடமாவது இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், குண்டை உருவிப் போட்டுவிட்டுக் குழாயில் மாட்டியிருப்பான். என் மனதில் இருந்ததும் அதுதான். மனதில் இருப்பது போனில் போகாது.

இருபது நிமிடம் கழித்துப் பண்ணையில் செடி வாங்க வந்த யாரோ ஒருவர் மாப்பிள்ளையின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கையை மூடிவிட்டார்கள். வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். முன்கண்ணாடியில் ஒரு தேங்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை என்றார்கள். மாப்பிள்ளை முழங்கால் வரை சேற்றோடு, வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. குண்டு முறிந்து பறந்தது என்று யாரோ சொன்னார்கள். அவரை எழுப்பி நிறுத்தி அறைந்தேன்.

"அறிவிருக்கா உனக்கு? குண்டுல எவனாவது கயிறு மாட்டுவானா? கொன்னுட்டியேடா!"

அவரை நான் ஒருநாளும் 'டா' போட்டதில்லை. அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்ல வாய் திறந்த மாதிரி இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வராந்தாவில் நின்று இதைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் யாரும் அவரிடம் தனியாக எதையும் கேட்கவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான், இந்தத் தொழில் தெரிந்தவன் நானல்லவா.

தகனம் முடிந்த அன்றே அம்மா பேத்தியைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ஐந்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைக்கும் வயதா அம்மாவுக்கு? ஆனாலும் இறக்கவில்லை. "விசாரணையில இவரு மேல தப்புன்னு எழுதினாங்கன்னா, பிள்ளை இந்த வாசலைத் தாண்டாது. அவ்வளவுதான்" என்றாள். மாப்பிள்ளை வாசலில் நின்று தலையாட்டினார். குழந்தை அப்பா என்று கை நீட்டியது. அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஐந்தாம் நாள் பட்டறையைத் திறந்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்னிடம் பத்து வருடமாக வெல்டிங் செய்யும் சுருட்டை, யாரோ ஒரு வாடிக்கையாளரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, கொக்கி கேக்குறாரு."

"எடுத்துக் குடு."

"எதைண்ணே? குண்டா, குழாயா? கொக்கின்னா எதைன்னு எடுக்கிறது?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். தினமும் கேட்கிற கேள்வி. நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன். லாரிக்கடியில் கிடந்து கத்தியது அப்படியே காதில் கேட்டது. அதற்கும் முன்னால், குண்டின் தலையில் நானே தட்டிச் சொன்னதும் கேட்டது: இதான் கொக்கி. மாப்பிள்ளை நான் காட்டியதில்தான் மாட்டியிருக்கிறார். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று அம்மா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள், என் வாய்க்காகவே சொல்லியிருக்கிறாள். சுருட்டை என்னைப் பார்த்துவிட்டு, வந்தவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார்.

உடனே ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் நினைத்தது குழாயை, அவர் புரிந்துகொண்டது குண்டை, என் தப்பு என்ன என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். கேஸ் ஜெயித்தது. தூக்கம்தான் வரவில்லை. குழந்தை அம்மா மடியில் படுத்துக்கொண்டு, "அப்பா எப்ப வருவாரு?" என்று என்னைத்தான் கேட்டது.

ஒன்பதாம் நாள் விசாரணைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனின் பின்னறை. பச்சை ரெக்சின் கிழிந்த மேஜை, காலண்டர், ஓடாத மின்விசிறி. மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பையில் குண்டு இருந்தது. கழுத்து முறிந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாக, பொரபொரவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் நான் பூசிய கறுப்புப் பெயிண்ட். பக்கத்தில் வண்டியின் பின்புறத்தை எடுத்த போட்டோக்கள், ட்ரெய்லர் வாங்கிய நாளில் எடுத்தவை. ஒன்றில் தங்கையின் கை ஓரமாகத் தெரிந்தது, டீ டம்ளரோடு.

"குண்டுல கயிறு மாட்டச் சொன்னது யாரு?" என்று அதிகாரி மாப்பிள்ளையைக் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் மாட்டினேன்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா? போன் பண்ணின மாதிரி இருக்கே?"

"வேற விஷயமா பண்ணினேன் சார்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்ற வார்த்தையைத் தலைகீழாக, என் பக்கத்திலிருந்தே படிக்க முடிந்தது. எழுதி முடித்ததை நகல் எடுக்கக் கொடுக்க அவர் எழுந்து போனார், எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மாப்பிள்ளை முகத்தில் ஒன்பது நாள் தாடி. என் கை பட்ட கன்னம் எது என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

"மாப்ள, ஏன் என் பேரைச் சொல்லல?"

"விடுங்க மச்சான்."

"எப்படி விடுறது? கொக்கியில மாட்டுங்கன்னு சொன்னது நான். குழாயைத்தான் நினைச்சுச் சொன்னேன். ஆனா குண்டைக் காட்டிக் கொக்கின்னு சொல்லிக்குடுத்ததும் நான்தான். ஆஸ்பத்திரியிலயே என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

அவர் எதிரே நின்ற பைக்குகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு மச்சான். நீங்க சொன்னதை அவளும் கேட்டா. குண்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. இத்தனூண்டு இருக்கே, வேனைத் தாங்குமா, மச்சானுக்கு இன்னொரு தடவை போட்டுக் கேட்டுறவான்னு கேட்டேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"அவதான் வேணாம்னா. வேலையில இருக்காரு, திருப்பிக் கேட்டா கத்துவாரு, எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு, அவளே கண்ணியை வாங்கிக் குண்டுல மாட்டினா. கையைத் துடைச்சிக்கிட்டு வேன்ல ஏறினா." பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நான் மாட்டினதாவே இருக்கட்டும்னு நினைச்சேன். எனக்குப் போகவேண்டியது போயிருச்சு. நீங்களாச்சும் முழுசா இருங்களேன்."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, சுடுகாட்டில் அழவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில், போகிற வருகிறவர்கள் பார்க்க, நான் அறைந்த மனிதரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டாவது தடவை போன் அடித்திருந்தால் கத்தியிருப்பேன். நிச்சயமாகக் கத்தியிருப்பேன். ஆனால் கத்திக்கொண்டே, குண்டைக் கழற்றுங்கள் என்றும் சொல்லியிருப்பேன். என்னை நன்றாகத் தெரிந்தவள் அவள். அதனால்தான் அந்தப் போனை நிறுத்தினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். அதிகாரி நகலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன என்பதுபோல் பார்த்தார்.

"அவரு சொன்னது பொய் சார். என்கிட்டதான் கேட்டாரு. நான்தான் சொன்னேன்."

"இப்ப வந்து சொல்றீங்க?" என்று சலித்துக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். புதிய தாளை எடுத்தார். "என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை மாறாம அப்படியே சொல்லுங்க."

"கொக்கியில மாட்டி இழுங்கன்னு சொன்னேன்."

அவர் எழுதினார். எழுதிவிட்டுப் போட்டோவைத் தன் பக்கம் திருப்பி, பேனா நுனியைக் குண்டின்மேல் வைத்தார்.

"கொக்கின்னா இதானே?"

இந்த இடத்தில் நான் குழாயைக் காட்டியிருக்கலாம். தொழில் தெரியாதவர், விளக்கினால் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார். எனக்கும் பாதித் தப்பு குறைந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. போட்டோவின் ஓரத்தில் டீ டம்ளரைப் பிடித்த கை இருந்தது.

"ஆமா சார்."

அவர் என்னையும் வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அவங்க சரியாத்தானே மாட்டியிருக்காங்க?"

"சரியாத்தான் சார் மாட்டியிருக்காங்க" என்றேன். "அப்படியே எழுதிக்கங்க. எங்கம்மாகிட்ட காட்டணும், எனக்கு ஒரு நகல் வேணும்."