உயிரோடிருப்பவளுக்கு ஒரு போஸ்டர்

கோபத்துக்கும் ஒரு வரிசை வேண்டாமா? தங்கவேலு முதலில் மகளின் போட்டோக்களை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டார். அப்புறம்தான் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்குப் போட்டோ வேண்டுமே என்று அவருக்கு நினைப்பு வந்தது.

மகள் ஒன்றும் சாகவில்லை. பெருமாநல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவள் தேவிப்பிரியா, அங்கேயே துணி வெட்டுகிற முனீஸ் என்ற மதுரைப் பக்கத்துப் பையனோடு போய்விட்டாள். வேறு சாதி. தாலி கட்டியாகிவிட்டது என்று செய்தி மட்டும் வந்தது. எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த மாதிரி நடந்தால் சில வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓடிப்போன பெண்ணைச் செத்தவளாகவே கணக்கில் வைத்து, ஓடிப்போன நாளை இறந்த நாளாகப் போட்டு, போஸ்டர் அடித்து ஊர்ச் சுவரில் ஒட்டித் தலைமுழுகிவிடுவது. அவள் எங்கோ உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருப்பாள். இங்கே அவள் படத்துக்கு மேலே இரண்டு கண்கள் சொட்டுச் சொட்டாக அழுதுகொண்டிருக்கும். வெட்கம்கெட்ட வேலை. ஆனால் செய்கிறவர்களுக்கு அதுதான் மானம்.

சின்னவள் அன்புசெல்வி சென்னையில் ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அவளை வரவழைத்தார்கள். திருப்பூரை ஒட்டின நல்லூரில் தன் வீட்டு வாசலில் கால் வைத்ததும் அவள் முதலில் பார்த்தது சாம்பலை. சாம்பலுக்குப் பக்கத்தில் அவள் பொங்கல் லீவில் அக்காவை உட்காரவைத்துச் செய்த களிமண் தலை உடைந்து கிடந்தது. மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம்.

அந்தத் தலைக்காக அக்கா பட்ட பாடு கொஞ்சமா?

அந்தக் கல்லூரியில் முதல் வருஷம் முழுக்க எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கரி, வர்ணம், களிமண், துணிச் சாயம், அச்சு. வருஷக் கடைசியில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்புசெல்வி ஒவ்வொன்றாகத் தொட்டு ஒவ்வொன்றிலும் உதை வாங்கினாள். தண்ணீர் வர்ணம் அவள் கைபட்டதும் சேறாகிவிடும். சாயம் போடுகிற வகுப்பில், "திருப்பூர்க்காரிக்கே சாயம் ஒட்டலையா?" என்று மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். களிமண்ணில் அவள் செய்த முதல் பானை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. ஆஸ்டலில் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டு அழுதாள்.

ஆனால் முகம் வந்தது. கரியால் போட்டாலும் வந்தது, களிமண்ணில் பிடித்தாலும் வந்தது. பழகியது எல்லாம் அக்காவின் முகத்தில்தான். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்து, வேலை முடிந்து அலுத்துக் களைத்து வருகிறவளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைப்பாள்.

"ஏஞ்சாமி, கழுத்து புடிச்சுக்கிச்சு. சித்தெ திருப்பிக்கட்டுமா?"

"ஆடாதக்கா, தாடை போயிரும்."

"எந்தாடை எங்க போவுது? இங்கியேதான் கெடக்குது."

அந்தத் தாடையில் ஒரு தழும்பு உண்டு. சைக்கிள் பழகும்போது விழுந்தது, பிறை மாதிரி சின்னதாக. சிரித்தால் அது கொஞ்சம் மேலே ஏறும். அன்புசெல்விக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டே போட வரும். அக்காதான் அவளைக் கல்லூரிக்கே அனுப்பியவள். "படம் போட்டுச் சோறு திங்க முடியுமா?" என்று அப்பா குதித்தபோது, "அவ படிக்கட்டுமுங்கப்பா, நாந்தான் வேலைக்குப் போறனுங்களே" என்று முன்னால் நின்றவள் அவள். தூரிகை துடைக்கக் கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் துணி மூட்டை கட்டி அனுப்புகிறவளும் அவள்தான்.

இப்போது அப்பா சாம்பலைத் தாண்டி வந்து நின்றார். கூடவே தங்கதுரை மாமன், அம்மாவின் தம்பி. நல்லூரிலேயே பனியனுக்குப் பிரிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறவர்.

"மச்சான், குண்டடத்துல கண்ணாலத்துக்குப் போயிருந்தமல்லங்க, அந்த ஆல்பத்துல இருக்குமுங்க. கேட்டு வாங்கியாரட்டுங்களா?" என்றார் மாமன்.

"செத்தவளுக்குப் போட்டோ இரவல் கேக்கறதா? அதுக்கு நானே செத்துப்போலாம் மாப்ள." அப்பா அன்புசெல்வியின் பக்கம் திரும்பினார். "நீ படம் போடத்தான படிக்கற? போடு."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"என்னால முடியாதுங்கப்பா."

"முடியாதா? அப்ப மெட்ராசுக்கும் போக முடியாது. நாளைக்கே கம்பெனில மிஷின்ல உக்காரு. மாசி தாண்டுனா மாப்ள பாக்கறன். ஒருத்தி பண்ணுன கூத்து போதும்." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால்கூட அவளுக்குத் தைரியம் வந்திருக்கும். "போட்டுக் குடுத்தீன்னா மறுநாளே பஸ் ஏத்தி உடறன். என்ற வாக்கு."

அன்புசெல்வி காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். என்ன செய்வாள் பாவம்? தப்பாகப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். மூக்கைக் கொஞ்சம் நீட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள், தாடையை வெறுமனே விட்டாள். யாரோ ஒருத்தி வந்தாள். அந்த யாரோ சாகட்டும், நமக்கென்ன.

அப்பா வாங்கிப் பார்த்தார். "இதாரு?"

அம்மா மாரக்காள் அதுவரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "இது எம்புள்ள இல்லீங்க" என்றாள். அழவில்லை. திரும்ப அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்புசெல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் நீயுமா என்று கேட்கத்தான் பின்னாலேயே போனாள். மாரக்காள் அரிசி களைந்த தண்ணீரில் கையை விட்டபடி நின்றிருந்தாள். மகளைப் பார்க்காமலே பேசினாள்.

"நல்லாப் போடு கண்ணு. ஊட்டுல அவ படம் ஒண்ணுகூட இல்ல. அல்லாத்தியும் எரிச்சுப்போட்டாரு. இத அடிச்சாங்கன்னா நான் ஒண்ண எடுத்து அரிசி ட்ரம்முல போட்டு வெச்சுக்குவன். அவிய சுவத்துல ஒட்டிட்டுப் போறாங்க, எனக்கென்ன. எனக்கு எம்புள்ள மொகம் வேணும்."

அன்புசெல்வி திரும்பப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்தத் தடவை அக்கா முழுசாக வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்து வலிக்கிறது என்று முனகுகிறவள் வந்தாள். சிரிப்பு வந்தும் வராமலும் நிற்கிற உதடு, மேலே ஏறின தழும்பு, வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு பக்கம் தூக்கி வாரின முடி. வருஷம் முழுக்கக் கற்றது எல்லாம் அன்றைக்குத்தான் விரலில் வந்து உட்கார்ந்தது. கரி எங்கே நிற்க வேண்டும், வெள்ளையை எங்கே விட வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்த ஒரு மணி நேரம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்குப் போடுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஞாபகம் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அப்பா படத்தைப் பார்த்தார். தாடைத் தழும்பின் மேல் விரலை வைத்து எடுத்தார். "ம்" என்று மட்டும் சொல்லி மாமனிடம் நீட்டினார்.

மாமன் பட்டறையிலேயே அடித்தார்கள். கரிப் படத்தை அப்படியே அடிக்க முடியாது. அதை எண்ணெய்க் காகிதத்தில் கறுப்பு மையால் படியெடுத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டின வலைத்துணியான ஸ்க்ரீனுக்கு மருந்து பூசி, விளக்கில் காட்டிக் கழுவ வேண்டும். அச்சு வகுப்பில் அவள் கற்றதும் இதேதான். மாமனின் ஆளுக்குப் பனியன் நெஞ்சில் புலியும் பூவும் போடத் தெரியும். முகம் என்றால் மை அப்பிப்போகும் என்று கையைப் பிசைந்தான். கடைசியில் அவளே ரப்பர் பட்டையைப் பிடித்து மையை இழுத்தாள். பட்டறை வழக்கப்படி முதல் இழுப்பைக் காகிதத்தில் போடமாட்டார்கள். வேஸ்ட் பனியன் துணியில் போட்டுப் பார்ப்பார்கள். பெயரும் தேதியும் அடிக்கிற எழுத்து ஸ்க்ரீன் இன்னும் காயவில்லை. வெள்ளைத் துணியில் முகம் மட்டும் விழுந்தது. தேதியும் இல்லாமல் கண்ணீரும் இல்லாமல் அக்கா அவளைப் பார்த்தாள். யாரும் கவனிக்காதபோது அதை மடித்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

போஸ்டர் நல்லூரில் ஒட்டினார்கள், பெருமாநல்லூரில் கம்பெனி வாசலுக்கு எதிரிலேயே ஒட்டினார்கள், சொந்தக்காரர்கள் இருக்கிற குண்டடம் வரைக்கும் கொண்டுபோய் ஒட்டினார்கள். அப்பா தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து ஈரத்தோடு நின்றார். அதற்குள் மாரக்காள் ஒன்றை எடுத்து அரிசி ட்ரம்முக்குள் போட்டுக்கொண்டாள். வாக்குத் தவறவில்லை. மறுநாள் அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் முறுக்குக்கூட வாங்கிக் கொடுத்தார்.

கல்லூரியில் அச்சு வகுப்பில் மரக்கட்டையைச் செதுக்குகிற பாடம் நடந்துகொண்டிருந்தது. அன்புசெல்வி தன் உளிகளை அந்தத் துணியில் சுற்றி, முகம் உள்பக்கமாக வைத்துக்கொண்டாள். உளியை எடுக்கும்போதெல்லாம் அக்காவின் நெற்றி கொஞ்சம் தெரியும். அது போதுமாக இருந்தது.

ஒரு மத்தியானம் ஆஸ்டலில் அவளுக்குப் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். எடுத்தால் பஸ் ஆரன் சத்தம். அதற்கு நடுவில், "கண்ணு" என்று அக்காவின் குரல்.

அன்புசெல்வி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தன் கண்ணு. குண்டடம் பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்துச்சு. சொந்தக்காரங்க இருக்கற ஊருல ஆரும் தேடமாட்டாங்கன்னு நாங்க அங்கதான் ஒரு மில்லுல சேந்திருந்தம். ஆரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதா? தழும்பு மொதக்கொண்டு போட்டிருக்கற."

"அக்கா, அப்பா காலேஜுக்கு உடமாட்டேன்னாங்க... நான் மொதல்ல தப்பாத்தாங்க்கா போட்டன்..."

"அழுவாத. படம் நல்லாருக்குது. அச்சு அசலா நானேதான்." பஸ் ஆரன் மறுபடி அடித்தது. "அதான் கண்ணு வெனையாப் போச்சு. மில்லுல எல்லாரும் கண்டுபுடிச்சுட்டாங்க. ஆரோ மாமனுக்குப் போன் போட்டுட்டான். மாமன் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வண்டில வர்றாங்களாம். நாங்க கெளம்பிட்டம்."

"தலைமுழுகியாச்சுன்னாங்களே, அப்பறம் எதுக்குக்கா வர்றாங்க?"

"செத்தவ பஸ் ஸ்டாண்டுல நின்னா ஊரு சிரிக்காதா? போஸ்டரு பொய்யாயிருமல்ல."

பின்னால் ஒரு ஆணின் குரல், "பிரியா, பஸ்ஸு எடுக்கப்போறாங்கெ, வெரசா வா" என்றது.

"எந்த ஊருக்குக்கா போறீங்க?"

"அது உனக்கு வேண்டாம் சாமி. தெரியாட்டித்தான் நல்லது. இனி நான் கூப்பட மாட்டன். ஆராவது கேட்டா நான் செத்துட்டன்னே சொல்லு. நீ படிப்ப உட்டுறாத, என்ன?"

பதில் சொல்வதற்குள் வெறும் சத்தம்தான் கேட்டது. அவள் ரிசீவரை வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். வார்டன் வந்து வாங்கி வைத்தார்.

அடுத்த வகுப்பில் சாரதாமணி மேடம் ஒவ்வொரு மேஜையாக வந்துகொண்டிருந்தார். யார் எந்தப் பிரிவு எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அன்புசெல்வியின் மேஜையில் உளி ஒன்றை எடுக்கத் துணியை விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ போட்டதா இது?"

"ஆமாங்க மேடம்."

"இத்தனை நாள் இதுலயா உளியைச் சுத்தி வச்சிருந்தே? இந்த வருஷம் கண்காட்சியில வாசல்லயே இதைத்தான் மாட்டப்போறேன். பேப்பர்க்காரங்க வருவாங்க, எல்லா ஊர்லயும் படம் வரும். நீ பேசாம அச்சுப் பிரிவை எடுத்துக்கோ. யாருடி இது?"

"எங்கக்காங்க மேடம்."

"என்ன பண்றாங்க?"

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

"செத்துட்டாங்க மேடம்."

மேடத்தின் முகம் இளகிப்போயிற்று. அவள் தோளில் கை வைத்தார். "ஐயோ, அப்படின்னா கண்டிப்பா மாட்டணும்மா. நீ அக்காவுக்குச் செய்யற மரியாதை இது. எவ்வளவு உயிரோட இருக்கு பாரு."

பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. பார்க்கிற எவனுக்கும் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தது.

மேடத்தின் கையிலிருந்து துணியை மெதுவாக வாங்கினாள். மேஜை மேல் கறுப்பு மை தேய்த்த கண்ணாடிப் பலகை கழுவாமல் கிடந்தது. அதில் மண்ணெண்ணெயை ஊற்றி, துணியைச் சுருட்டி, அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். முதலில் நெற்றி போயிற்று, அப்புறம் கண். அப்பாவும் இப்படித்தான் நின்றிருப்பார் வாசலில் என்று ஒரு நினைப்பு வந்தது. கை நிற்கவில்லை. இனி அக்காவைக் காட்டிக்கொடுக்காத ஒரே படம், அம்மாவின் அரிசி ட்ரம்முக்குள் இருக்கிறதுதான்.

"ஏய், என்ன பண்றே! பைத்தியமா உனக்கு?" மேடம் அவள் கையைப் பிடித்து இழுத்தார். துணி முழுக்கக் கறுப்பாகியிருந்தது.

"வேஸ்ட் துணிதானுங்க மேடம்" என்றாள் அன்புசெல்வி.