இரவல் கை

பழம் நறுக்கி டப்பாவில் அடைக்கும் கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்ப்பது, அவ்வளவுதான். முதலாளி கறுப்பா சிவப்பா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. கறுப்பாக இருக்க வாய்ப்பில்லை.

வேலைக்கூடத்துக்குள் போகும் வாசலில் ஒரு கை கழுவும் மெஷின் உண்டு. நம்முடைய நம்பரை அழுத்திவிட்டுக் கையை அதன் அடியில் நீட்ட வேண்டும். மேலே இருக்கும் கண்ணாடிக் கண் கையைப் பார்த்துவிட்டால் சோப்பு விழும், தண்ணீர் வரும், பச்சை விளக்கு எரியும், தடுப்புக் கம்பி விலகும். பார்க்காவிட்டால் சிவப்பு விளக்குதான், கம்பி அசையாது.

அந்தக் கண்ணுக்குக் கறுப்புத் தெரியாது. என் கை ஏதோ தேவலை, நாலு தடவை ஆட்டினால் ஒரு தடவை மனசு இளகும். என் நாத்தனார் கை அதற்குத் தெரியவே தெரியாது. எங்கள் குடும்பத்திலேயே அவள்தான் நல்ல கறுப்பு. கல்யாணச் சந்தையில்தான் நிறம் பார்ப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். குழாயும் பார்க்கிறது.

மெஷின் வந்த முதல் வாரமே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னோம். “நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க, அப்பத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனுடைய ஆட்களின் கைகளுக்கு அந்தக் கண் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. அவர்களுக்கு லேபிள் ஒட்டும் மேஜை, பிழைக்க வந்த எங்கள் ஆட்களுக்கு விரல் மரத்துப்போகும் குளிர் அறை என்று எல்லாமே அங்கே முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தது. மெஷினும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

எங்கள் கூட்டத்தில் கொஞ்சம் வெளுப்பான ஒருத்தி இருந்தாள். மாநிறம் என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். என் நாத்தனார் நம்பரை அழுத்தியதும், “தள்ளுடி, அதுக்கு நான்தான் ஆசை நாயகி” என்று சொல்லித் தன் கையை நீட்டுவாள். சோப்பு விழும். இருவர் கையும் ஒரே தண்ணீரில் சேர்ந்து நுரைக்கும். என் நாத்தனார் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாள். இப்படி ஒவ்வொரு ஷிப்டிலும் மாநிறமும், அவளைப் போல இன்னும் இரண்டு பேரும் எங்களையெல்லாம் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். அதை நாங்கள் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. கூடப் பிறந்தவளின் தலைமுடியைச் சிக்கெடுத்து விடுவதுபோல அதுவும் ஒரு வேலை.

ஒருநாள் மாநிறத்தின் குழந்தைக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. மற்ற இருவருக்கும் எனக்கும் வேறு ஷிப்ட். என் நாத்தனார் நீட்டி நீட்டிப் பார்த்தாள், சிவப்பு. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்ததும் கழிவறைக் குழாயில் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வேறொருத்திக்குக் கம்பி விலகியபோது ஒட்டிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டாள்.

அந்த வாரம் பார்த்து எங்கேயோ யாருக்கோ வயிற்றைக் கலக்கி, ஒரு லாரி நிறைய டப்பாக்கள் திரும்பி வந்தன. பழிபோட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாசல் கேமராவில் அவள் திருட்டுப்பூனைபோல நுழைவது தெரிந்தது. கழிவறையில் கேமரா கிடையாது. கை கழுவாமல் உணவில் கை வைத்தவள் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த முத்திரை விழுந்தால் வேறெந்த உணவுக் கம்பெனியும் சேர்க்காது. எங்கள் ஆட்களுக்கு அந்த ஊரில் உணவுக் கம்பெனியை விட்டால் வேறு நாதியும் கிடையாது.

புருஷன் விட்டுவிட்டுப் போனபோது அழாதவள் அவள். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, முன்னறையில் பாய் விரித்துப் படுத்து, யாருக்கும் பாரமில்லாமல் இருந்தவள். அடுத்த தெருவில் தனியாக ஓர் அறை பேசி வைத்திருந்தாள். ஜன்னல் திரைக்கு அளவுகூட எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“கழுவினேன் அண்ணி. சத்தியமா கழுவினேன்.”

“எனக்குத் தெரியாதாடி?”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?”

எல்லோரும் எங்கள் சமையலறையில் கூடினோம். இடம் போதாமல் ஒருத்தி துணி துவைக்கும் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தாள். நமக்கேன் வம்பு என்று ஒருத்தி முனகினாள். “அவ போயிட்டா நான் யாருக்குடி கை குடுக்கறது? எனக்குப் பழகிப்போச்சு” என்றாள் மாநிறம். சிரித்தோம். சிரித்தபிறகு யாருக்கும் பின்வாங்க மனம் வரவில்லை. தொழிற்சங்கத்துக்காரரையும் வரவழைத்திருந்தோம். நல்ல மனிதர், எப்போதும் வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுவார். “மெஷினுக்கு உங்க கை தெரியலன்னு காட்டிட்டாப் போதும். கேஸ் முடிஞ்சுது” என்று சொல்லி, என் நாத்தனார் பெயரில் கம்பெனிமேல் புகார் எழுதிக்கொடுத்தார்.

விசாரணை நாளில் மேனேஜர் வந்தார், சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லோரையும் மெஷினிடம் அழைத்துப்போனார்கள். என் நாத்தனார் கையை நீட்டினாள். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. எங்களில் இன்னும் இரண்டு பேர் நீட்டினார்கள், அதேதான். அதிகாரி தன் கையை நீட்டினார். சோப்பு பொத்தென்று விழுந்தது. அவர் தன் கையையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். அத்தனை வருஷத்தில் அங்கே நான் சந்தோஷமாக நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.

அறைக்குத் திரும்பியதும் மேனேஜர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“சரி, ஒத்துக்கறேன். மெஷினுக்கு இவங்க கை தெரியல. ஆனா ரெண்டு வருஷமா இவங்க நம்பருக்குப் பச்சை விழுந்திருக்கே. அது யாரோட கை?”

கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். என் நாத்தனாரின் நம்பர், அதற்கு நேரே வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். நாங்கள் ஒருவருக்கொருவர் செய்த ஒத்தாசை அத்தனையும், மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கம்பெனிக்கு நாங்களே எழுதிக்கொடுத்த சான்றிதழாக அங்கே நின்றது.

மாநிறம் எழுந்தாள். “என் கை.”

மற்ற இருவரும் எழுந்தார்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் எழுந்து, “என் கையும்தான்” என்றேன்.

மேனேஜர் என் கையைப் பார்த்தார். “உங்க கையே அதுக்குத் தெரியாதேம்மா. உக்காருங்க.” அதிகாரி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

“முதல்லயே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்போமே?” என்றார் மேனேஜர்.

“சொன்னோம்” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்.

“எங்கிட்ட யாரும் சொல்லலையே” என்றான் சூப்பர்வைசர், கொஞ்சமும் கூசாமல்.

அடுத்தவள் நம்பருக்குக் கை கொடுத்தது சுகாதார மோசடியாம். புகார் தொடர்ந்தால் கை கொடுத்த மூவரும் வெளியே. வாபஸ் வாங்கினால் இது ஒருத்தியோடு முடியும். யோசிக்கச் சொல்லி எங்களை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். சங்கத்துக்காரர் மிட்டாயை விழுங்கிவிட்டு, “சட்டப்படி பாத்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“போட்றாதடி கையெழுத்து. வேலை போனாப் போகட்டும்” என்றாள் மாநிறம்.

“உன் மாமியாருக்கு மருந்து? புள்ளைங்களுக்குச் சோறு?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

“ரெண்டு வருஷம் எனக்குக் கை குடுத்தே. அந்தக் கையை நானே வெட்டணுமா?”

நான் என் நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு உள்ளே போனாள். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் சூப்பர்வைசர் ஓர் அட்டைப்பெட்டியுடன் வாசலில் நின்றான். உள்ளே கயிறு கட்டிய வெள்ளை பிளாஸ்டிக் அட்டைகள். கை தெரியாதவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மெஷினுக்கு அதைக் காட்ட வேண்டுமாம். அதிகாரியின் யோசனை. வருகிற ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்து, “உனக்கு. உனக்கு வேணாம். உனக்கு” என்று தானே முடிவுசெய்து கொடுத்தான். மாநிறம் கை நீட்டி, “எனக்கும் ஒண்ணு குடு” என்றாள். “உனக்கு எதுக்கு?” என்று அவளை உள்ளே தள்ளிவிட்டான். குளிர் அறைக்குள் போய் அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அட்டையை நீட்டினேன். உடனே பச்சை. சோப்பு அட்டைமேல் விழுந்தது. அந்தப் பிளாஸ்டிக்கைக் கழுவினால் போதும், என் கை எந்தச் சாக்கடையிலிருந்து வந்தாலும் அந்தக் கதவுக்குக் கவலையில்லை. சங்கத்துக்காரர் போன் பண்ணி, “பாத்தீங்களா, போராடினதுக்குப் பலன் கெடச்சிருச்சு” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிச் சமையல் மேடையில் எறிந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் அதை எடுத்தாள். பேசி வைத்திருந்த அறைக்கு அதற்குள் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். அவள் அட்டையைத் துடைத்தாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒடித்துப் போடுவாள் என்று நினைத்தேன். ஒடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“எவ்வளவு லேசா இருக்கு அண்ணி” என்றாள். “இதை மட்டும் அப்பவே குடுத்திருந்தா, நானும் வேலைக்கு வந்துட்டிருப்பேன், இல்ல?”

அவள் குரலில் கோபமே இல்லை, ஆசைதான் இருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது. கொஞ்ச நேரம் மாட்டியிருந்துவிட்டுக் கழற்றினாள். கயிற்றைச் சிக்கில்லாமல் சுற்றி, காலையில் நான் மறந்துவிடக் கூடாதென்று, என் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.