கழட்டாத எஞ்சின்

இணுவில் வெங்காய வியாபாரி நமசிவாயத்தின் லொறி தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வந்தே ஆறு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. அவருடைய பெருமை அந்த எண்ணில் இல்லை. யப்பானில் பூட்டிய எஞ்சினை இன்றுவரை ஒருவரும் கழட்டவில்லை என்பதுதான் பெருமை. யாழ்ப்பாணத்தில் வாகனம் விற்கிறவன் வாயில் முதலில் வரும் சொல் 'கழட்டாத எஞ்சின்'. சீற் கிழிந்திருக்கலாம், கதவைக் கயிற்றால் கட்டியிருக்கலாம். அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிடும். நமசிவாயம் லொறியை விற்கப் போவதில்லை. வட்டுக்கோட்டை லொறிக்காரர் பஞ்சலிங்கம் இரண்டு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்பதும் இவர் மறுப்பதும் நமசிவாயத்துக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வெற்றிலை மாதிரி.

சனிக்கிழமை ஒயில் மாற்ற இளவாலை மெக்கானிக் ஜெறோம் வந்தான். எந்த லொறிக்கு ஒயில் மாற்றினாலும் பழைய ஒயில் பில்ரரை இரும்பறுக்கும் வாளால் அறுத்து, உள்ளே இருக்கும் கடதாசியை விரித்துப் பார்ப்பது அவன் வழக்கம்.

"அண்ணை, ஒருக்கா இஞ்சை வாங்கோ."

கடதாசி மடிப்புகளில் ஏதோ பொடி மினுங்கியது.

"பெயின்ற்றா இருக்கும்."

"எஞ்சினுக்குள்ளை ஆரண்ணை பெயின்ற் அடிச்சது?" ஜெறோம் ஒரு காந்தத்தை எடுத்துப் பொடிக்கு மேலால் கொண்டுபோனான். ஒன்றும் ஒட்டவில்லை. "இரும்பெண்டால் ஒட்டும். இது செம்பு. பெயாரிங் தேயுது."

"சத்தம் ஒண்டும் இல்லையே?"

"சத்தம் வந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம். பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்கோ."

எஞ்சினின் அடித்தட்டான சம்ப்பை இறக்கினால், கீழிருந்தே பெயாரிங்குகளை மாற்றிவிடலாம். ஒரு நாள் வேலை. விட்டால் அது எஞ்சினைச் சுழற்றும் கிராங் தண்டைத் தின்னும், பிறகு முழுவதையும் பிரிக்க வேண்டிவரும் என்றான் ஜெறோம்.

"அப்ப கழட்டிறது எண்டு சொல்லும்."

"கழட்டிறேல்லை அண்ணை. அடியாலை பாக்கிறது."

நமசிவாயம் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தார். சந்தையில் வெங்காயக் குவியலுக்கு முன்னால் பேரம் பேச உட்காருகிற அதே இருப்பு.

"வோட்டர் பம்ப் மாத்தினீர். அது கழட்டினதோ?"

"அது வெளிச் சாமான்."

"மேல்மூடி திறந்து வால்வைப் பாத்தீர்?"

"மூடிதானே அண்ணை."

"சம்ப்?"

"அதுவும்… ஒரு மூடி மாதிரித்தான்."

"பெயாரிங்?"

ஜெறோம் கையைத் துடைத்தான்.

"பாத்தீரோ, அங்கைதான் இடிக்குது."

தேத்தண்ணியோடு வந்த மனைவி கமலாவதி இடையில் புகுந்தாள். "போன வருசம் தெல்லிப்பழை ஆசுபத்திரியிலை வாயாலை குழாய் விட்டு என்ரை வயித்தைப் பாத்தவை. என்னை வெட்டினதெண்டு ஆரும் சொன்னவையோ?"

"உனக்கு உள்ளுக்கை ஒண்டும் மாத்தேல்லை. இவன் மாத்தப் போறன் எண்டெல்லோ நிக்கிறான்."

"சரி, மாத்த வேண்டாம். திங்கட்கிழமை மாங்குளத்துக் காட்டுக்குள்ளை லொறி படுத்தாப் பிறகு வெங்காய மூட்டையளுக்குச் சொல்லுங்கோ, இது கழட்டாத எஞ்சின் எண்டு."

நமசிவாயம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்: வேலை முடியும்வரை வாசல் கேற் பூட்டியிருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து ஜெறோம் புதுப் பெயாரிங்குகளோடு வந்தான். சம்ப்பை இறக்கி, பாதி வளையல் போன்ற பழைய துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் வைத்தான். முதல் இரண்டு சோடியும் பரவாயில்லை. மூன்றாவதில் மேலே இருக்க வேண்டிய வெள்ளி நிறப் பூச்சே இல்லை. முகம் முழுக்கச் செம்பு சிவந்து தெரிந்தது. ஜெறோம் கிராங்கைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்த்தான். கீறல் இல்லை.

"இன்னும் ரெண்டு தரம் தம்புள்ளைக்குப் போயிருந்தால் சரி அண்ணை, முடிஞ்சுது."

அந்தத் துண்டை நமசிவாயம் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்று, யாரோ கூப்பிட்டது கேட்டது. தெரிந்த குரல் என்று கமலாவதி கேற்றைத் திறந்துவிட்டாள்.

"என்ன காணும், கழட்டாத எஞ்சினைக் கழட்டிப் போட்டீரோ?" பஞ்சலிங்கத்தின் வாய் காதுவரை போனது.

வயிறு, குழாய், ஆசுபத்திரி என்று காலையிலிருந்தே நமசிவாயம் ஒரு பதிலை அடுக்கி வைத்திருந்தார். மனைவி சொல்ல, தானே மறுத்த நியாயம்தான். அவசரத்துக்கு உதவும் என்று வைத்திருந்தார். கையில் அந்தத் துண்டு இருக்கும்போது அது வாயில் வர மறுத்தது.

"ஓம் காணும். கழட்டினனான்." துண்டைப் பஞ்சலிங்கத்தின் கையில் வைத்தார். "உம்மடை எவ்வளவு ஓடினது?"

"நாலரை லட்சம்."

"எஞ்சின்?"

"அது கழட்டா…" பஞ்சலிங்கம் துண்டின் சிவந்த முகத்தைப் பெருவிரலால் தடவினார். "இது சத்தம் போட்டதோ?"

"ஒரு சத்தமும் இல்லை."

பஞ்சலிங்கம் குனிந்து லொறிக்கு அடியில் பார்த்தார். "தம்பி ஜெறோம், வாற கிழமை எப்ப நேரம் இருக்கும்?"

"செவ்வாய் வாறன் அண்ணை. பழைய பில்ரரை எறிஞ்சு போடாதேங்கோ."

பஞ்சலிங்கம் தேத்தண்ணி குடித்தார், வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தார், புறப்பட்டார். லொறியை விலைக்குக் கேட்கவில்லை. இரண்டு வருசத்தில் அது முதல் தடவை. நமசிவாயம் கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார், மோட்டார் சைக்கிள் திரும்பி வரக்கூடும் என்பது போல.

"அண்ணை, இந்த ரோச் லைற்றை ஒருக்காப் பிடியுங்கோ. நாலாவதும் இருக்குது."

"வாறன்" என்று சொல்லி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லொறிக்கு அடியில் போனார்.