பதினொன்று பத்துக்கு வரும் அழைப்பு

சப்-இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் ஓடிக்கொண்டிருந்தார். வலது கையில் மனு. இடது கையில் தொப்பி. பதினொரு மணிக்குள் வராந்தாவின் மறுமுனைக்குப் போய்ச் சேராவிட்டால் அவர் கேட்டிருந்த போன் எண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போதே பத்தரை.

வராந்தா நீண்டுகொண்டே போனது. அதைக் குறை சொல்ல முடியாது. யார் யாருக்குப் போன் பேசினார்கள் என்ற விவரம் போலீசுக்கு வேண்டுமானால் ஆணையம் அனுமதிக்க வேண்டும். ஆணையத்துக்கும் போலீசுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடைவெளியைத்தான் வராந்தாவாகக் கட்டியிருந்தார்கள். மனுவில் பொய் இருந்தால் அது நீளும். பொய்யின் அளவுக்கு நீளும்.

கலியபெருமாள் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தேசப் பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தார். முக்கால் மணி நேரமாக ஓடுகிறார்.

ஒரு மைல்கல் வந்தது. ‘ஆணையம் 3 கி.மீ.’ என்றிருந்தது. நின்று, மூச்சு வாங்கி, காரணத்தை அடித்துவிட்டு ‘ஆள்கடத்தல்’ என்று எழுதினார். மைல்கல் தன்னைத் தானே துடைத்துக்கொண்டு 2 என்றது. ‘சங்கிலிப் பறிப்பு’ என்று மாற்றினார். 1 ஆனது. கடைசியில் வெறுமனே ‘விசாரணை’ என்று எழுதினார். இருநூறு மீட்டர் தள்ளிக் கதவு தெரிந்தது. அதை ஓடிக் கடந்தார்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் சிங்காரம் எழுந்தார்.

“வாங்க சார். தேசப் பாதுகாப்பா?”

“அடிச்சுட்டேன்யா.”

“எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க. உள்ள வாங்க. நம்பர் வந்து காத்துக்கிட்டிருக்கு.”

உள்ளே ஒரு பெஞ்சில் எட்டு இலக்கங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எட்டின் தலையிலும் துண்டு போர்த்தியிருந்தது. காலை வேனில் டெலிபோன் கம்பெனி அனுப்பிவைத்திருந்தது. அனுமதி கிடைத்தால் துண்டை எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் போர்த்தியபடியே போய்விடும். மூன்றாவது இலக்கத்துக்கு விக்கல்.

மேஜைக்குப் பின்னால் ஆணையர் அற்புதமேரி இருந்தார். ஆணையர் போலீசோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. பேசினால் பழக்கமாகும், பழகினால் இடைவெளி குறையும். அதனால் அவர் சிங்காரத்தின் காதில் சொல்வார். சிங்காரம் உரக்கச் சொல்வார்.

அற்புதமேரி காதில் ஏதோ சொன்னார்.

“விசாரணைன்னா என்ன விசாரணைன்னு கேக்குறாங்க.”

“ஒரு முக்கியமான புள்ளியைப் பத்தி.”

மேஜை ஆணையரோடு சேர்ந்து பத்து மீட்டர் பின்னால் போனது. சிங்காரமும் கூடவே ஓடிப்போய்க் காதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடிவந்தார்.

“எந்தப் புள்ளி?”

“ஒரு கும்பலோட தலைவன்.”

மேஜை இன்னும் பின்னால் போனது. ஆணையர் இப்போது தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தார். சிங்காரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“சார், எனக்கு முட்டி வலி. ஒரு தடவையாச்சும் உண்மையைச் சொல்லுங்க. எனக்காக.”

மணி பத்து ஐம்பத்தேழு. கலியபெருமாள் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார்.

“தினமும் பதினொண்ணு பத்துக்கு ஸ்டேஷனுக்கு ஒரு போன் வரும். நான்தான் எடுப்பேன். ‘சாப்பிட்டீங்களா’ன்னு ஒரு அம்மா கேப்பாங்க.”

மேஜை கொஞ்சம் நகர்ந்து வந்தது.

“ஆமான்னா ‘சந்தோஷம்’பாங்க. இல்லைன்னா ‘சாப்பிடுங்க’ம்பாங்க. வெச்சுடுவாங்க. எட்டு மாசமா. நேத்து வரலை.”

மேஜை வேகமாக வந்தது. ஆணையர் சிங்காரத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் கேட்டார்.

“மிரட்டினாங்களா?”

“இல்லை.”

“அசிங்கமா ஏதாச்சும்?”

“சேச்சே.”

“அப்ப எதுக்கு சார் அவங்க நம்பர்?”

“நேத்து நான் சாப்பிடலைய்யா.”

மேஜை அவர் வயிற்றில் இடித்து நின்றது.

ஆணையர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிங்காரத்தின் காதில் வெகுநேரம் பேசினார். சிங்காரம் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

“சாப்பிட்டீங்களான்னு கேக்குறது குத்தமில்லை. முகத்தைக் காட்டாம கேக்குறதும் குத்தமில்லை. போலீசுக்கு மனசு கஷ்டமா இருந்துச்சுங்கிறதுக்கு ஃபாரத்துல கட்டம் கிடையாது. மனு தள்ளுபடி.”

“அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?”

ஆணையர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சிங்காரம் பெஞ்சுக்குப் போய், துண்டை விலக்காமல், எட்டு இலக்கங்களின் நாடியையும் பிடித்துப் பார்த்தார்.

“எட்டும் நல்லா இருக்கு சார். மூணாவதுக்குத்தான் விக்கல்.”

“தண்ணி குடுங்கய்யா அதுக்கு.”

முத்திரை விழுந்தது. பதினொன்று அடித்தது. கலியபெருமாள் பெஞ்சைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்துவிட்டு வெளியே வந்தார். அவரிடம் இப்போது பொய் ஏதும் மிச்சமில்லை. வராந்தா நாலே எட்டுதான். ஐந்தாவது எட்டில் ஸ்டேஷன்.

டிபன் பாக்ஸ் காலையில் வைத்த இடத்திலேயே திறக்காமல் இருந்தது. அவர் போனுக்கு எதிரே உட்கார்ந்தார். பதினொன்று எட்டு. பதினொன்று ஒன்பது.

மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்லைங்க. நேத்து ஏன் கூப்பிடலை?”

அந்தப் பக்கம் ஒரு விக்கல் கேட்டது. அந்த அம்மாவுக்கு அல்ல. பின்னால் எங்கேயோ. அதற்கும் பின்னாலிருந்து தெரிந்த குரல் ஒன்று, “தண்ணி குடுத்தும் நிக்கலையேம்மா,” என்றது.

கலியபெருமாள் எழுந்து நின்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“மேடம்?”

“நேத்து எங்க ஆபீஸை நாங்களே ஆய்வு பண்ற நாள் சார். போனைத் தொடக் கூடாது. இன்னிக்குச் சொந்த நம்பருக்கு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். அது தப்பு. அதுக்காக நாளைக்குக் காலையில வராந்தாவுல நான் ஓடணும்.”

“நீங்க எதுக்கு மேடம் தினமும் என்னைக் கேட்டீங்க?”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“எட்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் உங்க ஸ்டேஷன்லேர்ந்து நாப்பத்தோரு தேசப் பாதுகாப்பு மனு வந்துச்சு. எல்லாத்துலயும் தேதியும் நேரமும் பார்த்தேன். நாப்பத்தொண்ணும் சாப்பிடுற நேரத்துல, நீங்க சாப்பிடாம எழுதினது. அன்னிலேர்ந்து கூப்பிட ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணுகூட வரலை சார். நேத்து ஒரு நாள்தான் விட்டேன்.”