வண்டியிலிருந்த ப்ளக்

"தொடாதீங்க. யாரும் அவனைத் தொடாதீங்க."

அக்கா ஓடிவந்துகொண்டே கத்தினாள். கையில் கரன்ட் பாயாத ஃபைபர் பிடி போட்ட ஆளுயரக் கொக்கி. வாட்டர் வாஷ் செய்யும்போது போடும் ரப்பர் பூட்ஸ் தரையில் வழுக்கி வழுக்கிப் போனது. சர்வீஸ் ஷெட்டின் மூன்றாவது பேயில், வண்டி நிறுத்தும் தடுப்பில், டிக்கி திறந்து நின்ற ஹைபிரிட் காருக்குள் அவள் தம்பி பாதி உடம்பு நுழைந்தபடி விறைத்துக் கிடந்தான். இரண்டு கைகளும் பேட்டரிப் பெட்டிக்குள். அவனோடு வேலை செய்யும் மெக்கானிக் ஒல்லி, பின்கதவருகே ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி கல்லாய்ச் சமைந்து நின்றான்.

அவள் கொக்கியைத் தம்பியின் இடுப்பில் மாட்டினாள். ஒரு காலைப் பம்பரில் ஊன்றிக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தாள். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் அவன் பிய்த்துக்கொண்டு வந்து அவள் மேலேயே விழுந்தான். தீய்ந்த முடியின் வாடை. வலது கையில் இரண்டு விரல்கள் கரிக்கட்டையாகியிருந்தன. மூச்சு இருந்தது.

அந்தக் கொக்கி, 'அவசர மீட்புக்கு மட்டும்' என்ற பலகைக்குக் கீழே சுவரில் தொங்க வேண்டியது. சாக்கடை மூடியைத் தூக்க ஒரு கம்பி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அக்கா அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அதற்காகப் போன வாரம்தான் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அவளைக் கிழி கிழி என்று கிழித்தார். பலகை இருந்த சுவரை இப்போது டயர் அடுக்கு முழுசாக மறைத்திருந்தது.

சூப்பர்வைசர் வந்தார். பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம். அந்த டெலிவரி வண்டில ஏத்துங்க." இரண்டு பேர் தூக்கினார்கள். கதவு வரை போனதும் அவர் கை நீட்டித் தடுத்தார். "இருங்கடா. மொதல்ல சீட்டுக்குப் பிளாஸ்டிக் போடுங்க. நாளைக்குக் காலையில டெலிவரி."

ஒருவன் பிளாஸ்டிக் சுருளைத் தேடி ஓடினான். தூக்கிய கைகளில் தம்பி தொங்கிக்கொண்டிருந்தான்.

"எம் தம்பியையும் அதுலயே சுத்திக் கட்டிடுங்க சார்," என்றாள் அக்கா. "அழுக்கு ஒட்டாது."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், குளுகுளு அறையிலிருந்து அந்த ஹைபிரிட் காரின் சொந்தக்காரம்மா எழுந்து வந்தார். அவரை அங்கே எல்லாரும் நாய் மேடம் என்பார்கள். பின்சீட்டு முழுக்க அவருடைய நாய்களுக்குத்தான். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அந்தச் சீட்டோரத்துச் சிறு சல்லடை வழியாகத்தான் போக வேண்டும். அது நாய்முடியால் அடைத்து, பேட்டரி வெந்து, மூன்றாவது தடவையாக வண்டி வந்திருந்தது.

"அப்போ என் வண்டி இன்னிக்குக் கிடைக்காதா?" என்று அவர் சூப்பர்வைசரிடம் கேட்டார்.

பிளாஸ்டிக் விரித்தாயிற்று. கார் கிளம்பியது. மடியில் கிடந்த தம்பியின் உதடு அசைந்தது. அக்கா குனிந்து காதைக் கொண்டுபோனாள். அவன் என்ன சொன்னானோ, ஹாரன் அடித்துக்கொண்டே போன டிரைவருக்குக் கேட்கவில்லை.

*

ஆஸ்பத்திரியில் அவன் சட்டையையும் பேன்ட்டையும் கத்தரியால் வெட்டி எடுத்து, ஒரு பாலித்தீன் பையில் போட்டு நர்ஸ் அக்காவிடம் கொடுத்தாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். "பேஷன்ட் கையெழுத்துப் போடணும்." சொன்ன பிறகுதான் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள். "சரி, நீங்க போடுங்க."

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு விரல் போனது போனதுதான். மிச்ச கையைக் காப்பாத்தணும்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தி உடனே ஆபரேஷன் பண்ணணும். கம்பெனி பொறுப்பு எடுத்துக்கிட்டா நாளைக்கே மாத்திடலாம். எடுத்துக்குவாங்கள்ல?"

"வேலை பார்க்கும்போதுதானே சார் அடிபட்டுச்சு."

"அதை அவங்க சொல்லணும்மா."

சாயங்காலம் சூப்பர்வைசர் பழப்பையோடு வந்தார். வராந்தா பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் பையை வைத்தார். உட்காரவில்லை.

"எப்படி இருக்கான்?"

"கை இருக்கு. விரல் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். கண் பெஞ்சுக்கு அடியில் போனது. "அவன் யூனிஃபார்ம் எங்கக்கா?"

"எதுக்கு சார்?"

"கம்பெனி சொத்து. வேலையை விட்டுப் போறவங்க திருப்பித் தரணும்ல."

"யாரு சார் வேலையை விட்டுப் போறது?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் உள்ளதைச் சொல்லிடறேன். ப்ளக்கைப் பிடுங்காம கை வெச்சிருக்கான். ப்ளக் வண்டிலேயே இருக்கு. கிளவுஸ் பக்கத்துலயே கிடக்கு, மாட்டவே இல்ல. மானேஜர் போட்டோ எடுத்துட்டார். அவன் தப்புன்னு ஆயிட்டா கம்பெனி எப்படி ஏத்துக்கும்? நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வேற வர்றார்."

ஹைபிரிட் வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு. மோட்டாருக்குச் சோறு போடும் பேட்டரி பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதைத் தொடும் முன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் சேஃப்டி ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கின பிறகும் பெட்டிக்குள் பாதி உயிர் இருக்கும். அதற்குத்தான் முழங்கை வரை வரும் ரப்பர் கிளவுஸ். அங்கே கார் கழுவுகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த பாடம் இது.

"மீட்டர் பிடுங்காம கை வெச்சானா?" என்றாள் அக்கா.

மீட்டர் என்பது தம்பிக்கு ஷெட்டில் வைத்த பேர். டீ கிளாஸைக்கூடக் கரன்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவான் என்று கேலி செய்வார்கள்.

"அவசரத்துல மறந்திருப்பான்."

"அவசரம் யாருக்கு சார்? அவனுக்கா?"

சூப்பர்வைசர் குனிந்தார். பெஞ்சுக்கு அடியில் கையை நீட்டினார். அக்கா பூட்ஸ் காலால் பாலித்தீன் பையை உள்ளே தள்ளினாள்.

"தீய்ஞ்சு கிடக்கு. தொவைச்சுக் கொண்டாந்து தர்றேன்."

"தொவைக்கவே வேணாம். இப்படியே குடுங்க." அவசரமாக வந்தது அந்தப் பேச்சு.

"அழுக்கோட குடுத்தா எங்களுக்கு மரியாதை இல்ல சார். கழுவுறதுதானே என் பொழப்பு. நாளைக்கு நானே மானேஜர் கையில குடுக்கிறேன்."

அவர் பழப்பையை எடுத்துக்கொண்டு போக நினைத்தவர்போல் கை நீட்டி, பிறகு விட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஒல்லி வந்தான். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். லாக்கரிலிருந்து அக்காவின் துணிப்பையைக் கொண்டுவந்திருந்தான். உள்ளே அவள் காலையில் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

அக்காவோடு வார்டுக்குள் போய்க் கட்டிலருகே குனிந்தான். "டேய் மீட்டர். கடைசில உன்மேலயே ரீடிங் எடுத்துட்டியேடா."

தம்பியின் உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டது.

"அந்தப் பேங்க்காரர் வண்டி ஞாபகம் இருக்கா? அக்கா, உங்களுக்குத் தெரியாதுல்ல? ப்ளக்கைப் பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு இவன் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டான். யாராவது தெரியாம மாட்டிடுவாங்களாம், அதனால தொர பாக்கெட்லதான் வெச்சுக்குவார். இங்க நாங்க நாலு பேரு வண்டியைத் தள்ளு தள்ளுன்னு தள்றோம். பேங்க்காரர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அன்னிலேர்ந்து பிடுங்கற ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி நம்பர் எழுதுறதென்ன, அப்பப்பா..."

பாதியில் நிறுத்திவிட்டான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவன்போல் எழுந்து வராந்தாவுக்கு வந்தான்.

அக்கா டப்பாவைத் திறந்து அவன் கையில் வைத்தாள். "சாப்பிடு."

"நீங்க?"

"எனக்கு இறங்காது. சாப்பிடு." அவன் இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்தாள். "கிளவுஸ் பக்கத்துல கிடந்துச்சாமே?"

ஒல்லி மென்று விழுங்கினான். "அது புதுசுக்கா. கண்ணாடி அலமாரில பூட்டி வெச்சிருக்கறது. ஆடிட்காரங்க வந்தா காட்டறதுக்கு. சாவி மானேஜர்கிட்ட. உங்களை அனுப்பிட்டு வந்து பார்த்தா கார் சீட்டு மேல உக்காந்திருக்கு."

"அவன் மாட்டியிருந்தது?"

"பழசு. காலைலயே சுருட்டி ஊதிப் பார்த்தான். கட்டைவிரல்கிட்ட புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. சூப்பர்வைசர்கிட்ட காட்டினான். டேப்பைச் சுத்திக்கிட்டுப் பண்ணுடா, மேடம் உக்காந்திருக்காங்கன்னார்."

"இப்ப அது எங்க?"

"நீங்க இழுத்தப்போ கழண்டு பெட்டிக்குள்ளேயே நின்னுடுச்சு. இப்ப குப்பைக்குப் போயிருக்கும்."

"இதை நாளைக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவியா?"

ஒல்லியின் கை டப்பாவுக்குள்ளேயே நின்றது. "எனக்கு இன்னும் பெர்மனென்ட் ஆகலக்கா."

"அவன் ப்ளக்கைப் பிடுங்கினதையாவது?"

"நான் அந்தப் பக்கம் ஃபில்டரைக் கழட்டிக்கிட்டிருந்தேன். கம்பளி மாதிரி வந்துச்சு, நாய்முடி." தலையைத் தூக்கவில்லை. "பார்க்கலன்னு சொன்னா அது பொய் இல்லல்லக்கா?"

"இல்ல," என்றாள் அக்கா. "நீ சாப்பிடு."

அவன் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். அவள் டப்பாவைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினாள். சேலைத் தலைப்பால் ஈரம் போக நன்றாகத் துடைத்தாள்.

*

மறுநாள் மூன்றாவது பேயைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து டிக்கிக்குள் பார்த்தார். ஆரஞ்சு ப்ளக் அதன் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன் இடுக்குகளில், ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய வண்டிகளில் இருப்பதுபோல், மண் அப்பியிருந்தது. சீட்டு மேல் கிளவுஸ், விலைச் சீட்டுக்கூடக் கிழிக்காமல். ஒல்லியைக் கூப்பிட்டுக் கேட்டார். பார்க்கவில்லை என்றான். பிறகு எல்லாரும் மானேஜர் அறைக்குப் போனார்கள். டீ வந்தது.

அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்த யூனிஃபார்ம். கத்தரி வெட்டிய இடங்களைக்கூட ஊசி நூலால் தைத்துச் சேர்த்திருந்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?" என்றபடி மானேஜர் எழுந்து வாங்கினார். மேசைமேல் வைத்தார். அவர் கை நேராகப் பேன்ட்டின் வலது தொடைப் பாக்கெட்டுக்குள் போனது. துழாவியது. பிறகு இடது பாக்கெட். பிறகு சட்டை. சுவரோரம் நின்ற சூப்பர்வைசர் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஸ்பானர் கிஸ்பானர் இருந்தா..."

"எடுத்த எடுப்புலயே தொடைப் பாக்கெட்டுக்குப் போனீங்களே. ஸ்பானர் அங்கதான் இருக்கும்னு யார் சொன்னா?"

மானேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், தம்பிக்கு அடிபட்ட வேதனை."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார். "உக்காரும்மா. உன் கஷ்டம் புரியுது. ஆனா கண்ணால பார்க்கிறதைத்தானே நான் எழுத முடியும்? ப்ளக் போட்டபடி இருக்கு. கிளவுஸ் புதுசா இருக்கு. சூப்பர்வைசரும் சொல்லிட்டார். கூட வேலை பார்த்த பையனும் எதையும் பார்க்கல. கம்பெனியா மனசு வெச்சு ஏதாவது செஞ்சா உண்டு."

"செய்யாம இருப்போமா?" என்றார் மானேஜர். "முடிஞ்சதைச் செய்வோம். அவனுக்கு இந்த வேலை இனிமே சரிப்படாது, அது வேற விஷயம்."

அக்கா உட்காரவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிக்கு?"

"அதெல்லாம் மேலிடம் முடிவு பண்ணணும்மா. அவன் தப்புன்னு ஆன பிறகு நான் எந்த முகத்தோட கேக்கறது?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் சார். ஒரு வண்டிக்கு எத்தனை சேஃப்டி ப்ளக்?"

"ஒண்ணுதான். ஏன்?"

"இன்ஸ்பெக்டர் சார் காதுல விழட்டும்னுதான்."

அவள் துணிப்பைக்குள் கைவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். மேசையில், டீ கிளாஸ்களுக்கு நடுவே வைத்தாள்.

"சாப்பிடுற எடமாம்மா இது?" என்றார் மானேஜர். குரலில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. சூப்பர்வைசர் மட்டும் டப்பாவைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"கிட்ட வராதீங்க," என்றாள் அக்கா. "நேத்து வண்டில போகும்போது எங்கிட்ட அவன் சொன்னது ஒரே வார்த்தைதான். நோவுதுன்னு சொல்லல. தண்ணின்னு கேக்கல. 'பாக்கெட்'னான்."

மூடியைத் திறந்தாள்.

கழுவித் துடைத்த டப்பாவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ப்ளக் கிடந்தது. அதன் பிடியைச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில், மூன்றாவது பேயில் நின்ற வண்டியின் எண்ணை, நேற்றுக் காலை வரை ஐந்து விரல் இருந்த கை ஒன்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது.