கண் பழகத் தந்த புதினம்

பனித்திரையைக் கதிரவன் தன் பொற்கைகளால் மெல்ல விலக்க, மாடங்களில் ஒடுங்கியிருந்த புறாக்கள் சிறகுதறி எழுந்து வானில் வட்டமிட, பேருந்துகள் நிற்கும் வெளியிலிருந்து கிளைத்துச் செல்லும் அந்நெடுந்தெரு, துயில் கலைந்தும் எழ விரும்பாத இளையோன் போல் நெளிந்து கிடந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் முழங்கி உயர்ந்தன. புழுதி அடங்கத் தெளித்த நீரில் இளவெயில் விழுந்து சிறுசிறு பொற்காசுகளாய்ச் சிதறிற்று. நூலின்பம் நுகர்ந்தறிந்த நண்பரே, அத்தெருவில் தையற்கடைக்கும் பூட்டுக்கடைக்கும் இடையே, இரு தடித்த நூல்களின் நடுவே செருகிய மெல்லேடு போல் ஒடுங்கி நின்றதொரு மூக்குக்கண்ணாடிக் கடை. நாம் நுழையவேண்டிய வாயில் அதுவே.

உள்ளே, தும்பியின் சிறகுகளை வரிசையாய் அடுக்கினாற்போல் கண்ணாடிச் சட்டங்கள் மின்னின. பின்னறையில், வில்லை தீட்டும் பொறியின் முன் குனிந்தவாறு, இமைப்பதையும் வீண்செலவென்று கருதும் இளைஞனொருவன் தொழிலில் ஆழ்ந்திருந்தான். முன்னறையில் வருவோரின் கண்ணாய்ந்து அளவு குறித்தவள் அவனுடைய தமக்கை. அத்தெருவார் அவளைக் 'கண்ணாடியக்கா' என்றே அழைத்தனர். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அண்மைப் பார்வையை ஆய்வதற்கென அச்சிட்ட அட்டையொன்று அங்கு இருக்கத்தான் செய்தது. உப்பில்லாக் கஞ்சி போன்ற அதன் வரிகளைப் படித்துக் கொட்டாவி விட்டவர்களைக் கண்டு கண்டு சலித்த கண்ணாடியக்கா, அதனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தன் நெஞ்சுக்கினிய நூல்களைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தாள். வருபவர் முகத்தைச் சற்றே நோக்குவாள். பின்பு ஒரு நூலை விரித்து, "இங்கேருந்து படிங்க" என்று நீட்டுவாள். கணக்கெழுதிக் களைத்த கண்களுக்குக் குடை மறந்து மழையில் நடப்பதன் இன்பத்தைப் பாடும் கட்டுரைகள். அயலூர் வேலைக்கு அஞ்சி அஞ்சிப் புறப்படும் பெண்ணுக்குக் கப்பலில் சமைத்துக் கடல்பல கண்ட ஒருத்தியின் தன்வரலாறு. வழக்குரைஞர் ஒருவருக்கு நகைச்சுவைச் சிறுகதைத் தொகுதியொன்றை நீட்டியபோது மட்டும், அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் பெருக்கியதால் அன்றைய ஆய்வே நடவாமற் போயிற்று. ஒரு பக்கத்தைப் படித்து முடித்தவர், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளாது எழுந்ததில்லை, கேட்டவரை அவள் நூலின்றி அனுப்பியதுமில்லை.

"அக்கா, இது கண்ணாடிக் கடையா, இல்ல புத்தகம் குடுக்கிற இடமா? வர்றவங்க கண்ணாடிய இங்கேயே மறந்துட்டுப் புத்தகத்தோட போறாங்க" என்று தம்பி முணுமுணுப்பான்.

"கண்ணாடி எதுக்குடா போடுறாங்க? எதையாவது படிக்கத்தானே" என்பாள் அவள்.

இங்ஙனம் நாள்கள் நகர்கையில், உயரமும் கனத்த குரலும் உடைய கட்டட மேற்பார்வையாளர் ஒருவர் வந்தமர்ந்தார். சுவரின் கோணலை அடிக்கோலின்றியே கண்டுரைக்கும் அவர் கண்கள், கைத்தாளில் எழுதிய எண்களைக் காண மறுக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடியக்கா தான் உயிரினும் மேலாய் நேசித்த புதினத்தை அவர் கையிற் கொடுத்தாள். வெள்ளம் பெருகிய ஆற்றில் தனியே படகேறிய இளம்பெண்ணின் கதை அது. கரையிற் பிணித்த கயிறு நெகிழும் இடத்தை விரித்திருந்தாள்.

"கதையெல்லாம் எனக்குப் பிடிக்காதும்மா" என்றார் அவர்.

"பிடிக்க வேணாம். எழுத்து தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க."

படித்தார். புருவம் நெரிந்தது. "முடிச்சத் தப்பாப் போட்டிருக்காங்க. இப்படிப் போட்டா அவுந்துடும்" என்றவர், பக்கம் முடிந்ததும் நூலை மூடி வைத்துவிட்டு, மற்றவர் போல் எதுவும் கேளாமலே எழுந்தார். புதிய கண்ணாடி அணிந்து சென்றவர் சில நாள்களில் திரும்பி வந்தார். எழுத்து ஆடுகிறதென்றார். அவள் அதே நூலின் அடுத்த பக்கத்தைக் கொடுத்து ஆய்ந்தாள்; குறையேதும் புலப்படவில்லை. எனினும் தம்பி வில்லையைக் கழற்றிப் புதிதாய்த் தீட்டிக் கொடுத்தான். அதன்பின்னும் அவர் வந்தார்.

அன்று விசிப்பலகை நிறைய ஆள்கள் காத்திருந்தனர். "இன்னும் எழுத்து ஆடுது. வில்லையில ஏதோ கோளாறு" என்று அக்கனத்த குரல் முழங்கியதும், சட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்மணி அதனை மெல்லக் கீழே வைத்து, "நான் இன்னொரு நாள் வர்றேன்" என்று வெளியேறினாள். பின்னறையிலிருந்து வந்த தம்பியின் முகம் சாம்பல் பூத்த தணல்போல் ஒளி குன்றியிருந்தது.

"நான் தேய்ச்ச வில்லையில கோளாறுன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லக்கா" என்றான். அச்சொல் அவள் நெஞ்சைத் தைத்தது.

அவரை உள்ளழைத்து அமர்த்தி, வேண்டுமென்றே கட்டுரை நூலைக் கொடுத்தாள். ஓடைநீர் போல் தடையின்றிப் படித்தார்.

"நல்லாத்தானே படிக்கிறீங்க?"

"இதுல ஆடல. அந்தப் படகுக் கதையிலதான் ஆடுது."

"எந்தப் பக்கத்துல?"

"போன தடவை நிறுத்தினேனே, அதுக்கு அடுத்த பக்கத்துல."

"அந்தப் பக்கத்த நீங்க இன்னும் பாக்கவே இல்லையே" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

மலைபோன்ற அம்மனிதர் தம் காலணிகளை நோக்கித் தலைகவிழ்ந்தார். களவில் பிடிபட்ட சிறுவனின் நாணம் நரைத்த மீசையினூடே சிவந்து படர, கண்ணாடியக்காவுக்கு எல்லாம் விளங்கிற்று. சிரிப்பு தொண்டைவரை எழுந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்."

"வேணாம்மா. கதை படிக்கிறவங்களுக்கு வேற வேலையில்லன்னு என் வீட்டுக்காரிகிட்ட வாழ்நாள் முழுக்கச் சொன்னவன் நான். இப்ப இதோட போய் எப்படி நிப்பேன்?"

ஒருபுறம் தம்பியின் தொழிற்பெருமை. மறுபுறம் முதிர்ந்த ஒருவரின் மானம். உண்மையை உரக்கச் சொன்னால் முன்னது வாழ்ந்து பின்னது மாயும். ஒரு நொடி எண்ணிப் பார்த்தவள், வெளியே காத்திருந்தோர் அனைவர்க்கும் கேட்கும்படி குரலுயர்த்திச் சொன்னாள்:

"வில்லையில ஒரு குறையும் இல்லீங்க. என் தம்பி தேய்ச்சது துல்லியமா இருக்கு. நீங்க இத்தனை வருஷமா உயரத்தையே அண்ணாந்து பாத்தவர். கிட்டக்க இருக்கிறதப் பாக்கக் கண்ணு இன்னும் பழகல. தினமும் காலையில இந்தப் புத்தகத்துல கொஞ்சம் படிங்க. பாதியில விட்டா பழையபடி ஆடும்."

தம்பி நிமிர்ந்தான். மேற்பார்வையாளர் மருந்தை ஏற்கும் நோயாளியின் பணிவோடு புதினத்தை இரு கைகளாலும் வாங்கினார். வாயிலைக் கடக்கையில் அவர் நடை, விடுமுறை விட்ட பள்ளிப்பிள்ளையின் நடையாயிருந்தது.

திங்களொன்று கழியுமுன் அவர் மனைவியார் தனியே வந்தார். கண்ணாடியின் கால் தளர்ந்ததென்பது சொல்லுக்கு. வந்த நோக்கம் வேறு.

"உங்க வைத்தியம் நல்லா வேலை செய்யுதும்மா. காலையில சன்னல் ஓரமா உக்காந்தார்னா எழுந்திரிக்கிறதில்ல. கேட்டா, கண்ணுக்குப் பயிற்சிங்கிறார்" என்று சிரித்தவர், பின்பு குரல் தாழ்த்தினார். "கல்யாணமான புதுசுல இதே புத்தகத்த நான் அவர் கையில குடுத்தேன். ரொம்ப நல்லாருக்கும், படிங்கன்னேன். வாங்கி அலமாரி மேல வச்சவர்தான்."

"இப்பவும் அங்கேயா இருக்கு?"

"இல்ல, எடுத்துத் துணிப்பெட்டிக்கு அடியில ஒளிச்சுட்டேன். வீட்டுலயே இருந்தது கண்ணுல பட்டா மனுஷன் கூசிப்போயிடுவார். இதை முடிச்சதும், மேசை மேல இருக்கே, அந்தக் கப்பல் சமையல்காரியோட புத்தகத்தக் குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

தான் செய்த சிறு சூழ்ச்சியை எண்ணி உள்ளூரப் பெருமிதம் கொண்டிருந்த கண்ணாடியக்கா, அதனினும் நுண்ணியதோர் அன்பைக் கண்டு, தளராத காலைத் திருகித் திருகி இறுக்கிக் கொடுத்தாள்.

பின்னொரு நாள் இருவரும் சேர்ந்தே வந்தனர். மனைவியார் நிலைக்கண்ணாடி முன் நின்று புதுச்சட்டங்களை அணிந்து பார்க்க, மேற்பார்வையாளர் விசிப்பலகையில் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவரருகே அமர்ந்தார். கண்ணாடியக்கா நீட்டிய நூலை ஓட்டுநர் கையால் விலக்கி, "கதைப் புத்தகம்னாலே எனக்குத் தூக்கம்தாங்க வரும்" என்றார்.

"நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார் மேற்பார்வையாளர். "படகுக் கதை ஒண்ணு இருக்கு. அத என் வீட்டுக்காரி கல்யாணமான புதுசுலயே குடுத்தா. அப்பவே அவ சொன்னதக் கேட்டிருந்தா, இத்தனை வருஷமும் ரெண்டு பேரும் பேசுறதுக்கு எவ்வளவோ இருந்திருக்கும்." மூக்கின்மேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எங்க வீட்டு அலமாரி மேலயே இருந்துச்சு. திடீர்னு ஒருநாள் காணோம். ஏன் காணோம்னும் எனக்குத் தெரியும்."

நிலைக்கண்ணாடியின் முன் உயர்ந்த கை அப்படியே நின்றது. மனைவியார் திரும்பவில்லை. ஆயினும் கண்ணாடியில் விழுந்த அவர் முகத்தை, அளவு குறித்துக்கொண்டிருந்த கண்ணாடியக்கா கண்டாள். மழைக்குப்பின் வெயில் விழுந்த குளம்போல் அது நனைந்து ஒளிர்ந்தது.

மேற்பார்வையாளர் ஊக்கம் மீதூர்ந்து, "கயிறு அவுந்ததும் அந்தப் பொண்ணு என்ன பண்ணுவான்னா…" என்று தொடங்கினார்.

"முடிவச் சொல்லிடாதீங்க" என்றார் மனைவியார், கண்ணாடியைப் பார்த்தவாறே. "அவரே படிக்கட்டும். நம்ம வீட்டுல இருக்கிறதக் குடுத்துடலாம்."

இருவரும் தெருவிலிறங்கிச் சென்றனர். அந்தப் பெண் படகை விட்டு நீந்தியது அறிவா அறியாமையா என்று அவர்கள் வழக்காடிய குரல் நெடுந்தொலைவு கேட்டது. நண்பரே, நாம் நேசித்த நூலொன்றைப் பிறர் கையில் வைத்து, "படியுங்கள்" என்று சொல்லி நிற்கும் பொழுதில், நம் நெஞ்சில் ஒரு பகுதியையே பிரித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். அது பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடக்கலாம். கொடுத்தவரே கொடுத்ததை மறந்துமிருக்கலாம். வேறொரு கையின், வேறொரு வாயிலின் வழியாகவேனும் அது படிக்கப்படும் நாளில், இழந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. ஆயினும் எஞ்சிய ஆண்டுகளில் இருவர் பேசி நடக்க ஒரு நெடுவழி திறக்கிறது.